தங்கைக்கு எழுதிய காணி

2023 ஒக்டோபர் 17ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, மன்னார் நகரில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் கந்தோரில், எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த அறுபத்தாறு வயதான சனூன் தன் பெயரில் இருந்த ஒன்றேகால் ஏக்கர் தென்னங்காணியைத் தன் தங்கை றாபியாவுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார்.

நொத்தாரிசு சிவராணி உறுதிப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துக் காட்டிவிட்டுப் பேனையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஐயா, ஒரு விஷயம் திரும்பவும் கேக்கிறன். மீளப்பெற முடியாத நன்கொடை எண்டு போடச் சொல்லியிருக்கிறீங்கள். முஸ்லிம் ஆக்கள் எழுதிற நன்கொடையில அந்த வசனம் இல்லாட்டிப் பிறகு ரத்துச் செய்யலாம். போட்டா ஏலாது. விளங்கித்தானே சொல்றீங்கள்?"

"போடுங்கோ மிஸ். அது இல்லாட்டி வரிக்காரன் நம்ப மாட்டான். பேருக்குக் குடுத்தது எண்டு சொல்லிடுவான்."

"எந்த வரி? சாகிற ஆக்களின்ர சொத்துக்கு இப்ப நாட்டில வரி இல்லையே."

"இப்ப இல்ல. வரப் போகுது. மழை பெஞ்சாப் பிறகா மிஸ் கூரை மேயிற?" சனூன் தன் பேச்சைத் தானே மெச்சிச் சிரித்தார். சாட்சிக்கு வந்திருந்த முச்சக்கரவண்டிக்காரனும் சேர்ந்து சிரித்தான்.

சிவராணி றாபியாவைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்றீங்கள் அம்மா? ஏற்றுக்கொள்ளுறீங்களோ?"

றாபியா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். "காக்கா சொன்னா எனக்குச் சரி," என்று அண்ணனைக் காட்டினாள்.

இதே வார்த்தைகளை அவள் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் புத்தளத்தில் சொல்லியிருக்கிறாள். அன்று அவள் பக்கத்தில் தங்கை நசீறாவும் இருந்தாள்.

அந்தக் கதை சிறியது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்ற, ஊர் முழுவதும் வள்ளம் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது, வாப்பா காணி உறுதியை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். புத்தளம் அகதி முகாமில் அவர் மௌத்தாகும்போது அந்த உறுதி சனூனின் கைக்குப் போயிற்று. மார்க்கத்தின்படி காணியை நாலாகப் பிரித்தால் இரண்டு பங்கு சனூனுக்கு, தங்கைமாருக்கு ஒவ்வொன்று. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்ற காலத்தில், 2011 பெப்ரவரியில், சனூன் ஒரு நொத்தாரிசையும் கூட்டிக்கொண்டு முகாம் வீட்டுக்கு வந்தார். மீள்குடியேற்ற வீட்டுத்திட்டத்துக்குக் கையெழுத்து வேண்டும் என்றார். இரண்டு பேரும் வாசிக்காமல் வைத்தார்கள். வைத்தது வீட்டுத்திட்டப் பத்திரத்தில் அல்ல. தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் உறுதியில்.

அது தெரியவந்தது நசீறாவின் சிறுநீரகம் பழுதானபோதுதான். என்ட பங்கை வித்துத் தாங்கோ காக்கா, வைத்தியத்துக்கு வேணும் என்று அவள் கேட்டாள். "உனக்கு என்ன பங்கு? நீதானே எழுதித் தந்தனீ," என்றார் சனூன். ஒரு மூட்டை அரிசியும் ஒரு கிலோ பேரீச்சம்பழமும் கொடுத்தனுப்பினார். நசீறா 2014இல் புத்தளத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அவளுடைய கணவன் அடுத்த வருடமே வேறு நிக்காஹ் செய்துகொண்டு சிலாபம் பக்கம் போய்விட்டான். பதினைந்து வயது மகள் றிம்ஷாவைப் பிள்ளையில்லாத விதவையான றாபியா ஊருக்குக் கூட்டிவந்து வளர்த்தாள். அரசாங்கம் கொடுத்த பத்துப் பேர்ச் காணித் துண்டில் இரண்டு அறை வீடு. ஒரு தையல் மெஷின். றிம்ஷா இப்போது மன்னார் ரவுனில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறாள். வயது இருபத்துநாலு. இந்த ஊரில் பெண்ணுக்கு வீடும் வளவும் காட்டாமல் மாப்பிள்ளை பேச முடியாது. இரண்டு இடத்துப் பேச்சு வாசலோடு திரும்பிப் போயிருந்தது.

அது தெரிந்த நாளிலிருந்து றாபியா அந்தக் கையெழுத்தை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தாள். பெருநாளுக்கு அண்ணன் வந்தால் கதிரை போட்டாள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், ஸலாம் சொல்லி அனுப்பினாள். அவர் போன பிறகு அவர் குடித்த கோப்பையைத் தனியாக எடுத்து மணல் போட்டுத் தேய்த்தாள். ஏன் பெரியம்மா இப்படித் தேய்க்கிறீங்க என்று றிம்ஷா கேட்டால், மீன் வெடுக்கு என்பாள். சனூன் மீன் லொறிக்காரர், அதை நம்பலாம்.

வரிக் கதை 2023 செப்டெம்பரில்தான் ஊருக்கு வந்தது. பரம்பரைச் சொத்துக்கும் நன்கொடைக்கும் வரி கொண்டுவர அரசாங்கம் யோசிக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதியிருந்தார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் அது ஒரே கிழமையில் 'மௌத்து வரி' ஆகிவிட்டது. மையித்தைத் தூக்கு முன் வரித்துண்டு காட்ட வேண்டுமாம் என்றுகூட ஒருவர் சொன்னார். அந்த நேரம் பார்த்து லண்டனிலிருந்து ஜுனைடின் குரல் வந்தது. ஜுனைட் சனூனுக்கும் றாபியாவுக்கும் மச்சான் முறை. அங்கே கணக்காளர் ஒருவரிடம் வேலை செய்கிறார். வட்ஸ்அப்பில் இரண்டு குரல் பதிவுகள் அனுப்பியிருந்தார். கைமாறிக் கைமாறிச் சனூனிடம் வந்து சேர்ந்தது இரண்டாவது மட்டும்.

அந்த இரண்டாவது பதிவில் ஜுனைட் நிதானமாக வரிவிலக்குகளைச் சொல்லிக்கொண்டு போனார். கலியாணத்துக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு இவ்வளவு வரை விலக்கு. சின்னச் சின்னக் கொடைகளுக்கு விலக்கு. பெரிய சொத்தைக் கொடுத்துவிட்டு ஏழு வருடம் உயிரோடு இருந்தால் அது முழுவதும் விலக்கு. "ஆனா ஒண்டு," என்று அவருடைய குரல் அங்கே உயரும். "குடுத்ததைக் குடுத்ததாக இருக்கணும். வீட்டைக் குடுத்துப்போட்டு அதிலயே இருந்தா, காணியைக் குடுத்துப்போட்டு அதில வாற வருமானத்தைத் தின்டா, அது குடுத்ததே இல்ல."

சனூன் இதைப் பத்துத் தரமாவது கேட்டிருப்பார். செப்டெம்பர் கடைசியில் ஒருநாள் பின்னேரம் தங்கையின் வீட்டுக்கு வந்து, போனைத் தையல் மெஷினின் மேல் வைத்து அவளுக்கும் போட்டுக் காட்டினார்.

"எனக்கு இப்ப அறுபத்தாறு. ஏழைக் கூட்டினா எழுபத்திமூண்டு. வாப்பா எழுபத்தெட்டு வரைக்கும் இருந்தவர். கணக்குச் சரிதானே?"

"சரிதான் காக்கா."

"வீட்டைக் குடுக்க ஏலாது, நான் இருக்கிறன். காணியைக் குடுக்கலாம். ஆனா ஆருக்கு? மூத்தவளுக்குக் குடுத்தா மருமகன் றுஸ்தி அடுத்த வெள்ளிக்குள்ள வித்துப்போட்டு வேன் எடுப்பான். மகன் றினாஸுக்குக் குடுத்தா கட்டாரில அவன்ட கடன்காரன் பிடிப்பான். சின்னவள் பஸ்மினாக்கு இன்னும் இடம் சரிவரல்ல, வாறவன் எப்பிடியோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ ஒருத்திதான் புள்ள. நீ கேள்வி கேக்காத மனுஷி."

றாபியா ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தாள். நூல் முதல் தரத்திலேயே போயிற்று. 

"கால் எப்பிடி?" என்று சனூன் கேட்டார்.

"வீக்கம் இருக்கு."

"சீனி எத்தினை?"

"முந்நூறுக்கு மேல."

மீன் விலை கேட்டவர்போல் சனூன் தலையை ஆட்டினார். பிள்ளையில்லாத தங்கை மௌத்தானால் காணி யாருக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கணவன் இல்லை, பெற்றோர் இல்லை, கூடப்பிறந்த பெண் இல்லை. மீதமிருக்கும் ஒரே வாரிசு சனூன். வரிக்காரனிடமிருந்து காணியை மறைத்து வைக்கத் தங்கையைவிட நல்ல அலுமாரி கிடைக்காது; திறப்பும் அவர் கையிலேயே.

அந்தக் கிழமை ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டில் அவளுடைய இரத்தச் சீனி நூற்று நாற்பத்தெட்டு என்று இருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவள் றிம்ஷாவிடம் விஷயத்தைச் சொன்னாள். றிம்ஷா போனை எடுத்தாள். ஜுனைட் மாமா, றிம்ஷா இருந்த, சனூன் இல்லாத ஒரு குடும்பக் குழுவுக்கும் அதே பதிவுகளை அனுப்பியிருந்தார், இரண்டையும். முதலாவதை அவள் தொட்டாள்.

"இது இங்க இங்கிலாந்தில இருக்கிற எங்கட ஆக்களுக்கு மட்டும்," என்று ஜுனைட் தொடங்கினார். "ஊரில உள்ளவங்க இதக் கேட்டுக் குழம்பத் தேவையில்ல. இங்கயும்கூட மூண்டு லட்சத்து இருபத்தையாயிரம் பவுணுக்கு மேல சொத்து உள்ளவங்களுக்குத்தான் இந்தப் பேச்சு."

றிம்ஷா கல்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள். சனூன் மாமாவின் காணியையும் வீட்டையும் லொறியையும் சேர்த்தாலும் அதில் பாதிகூட வராது. இங்கிலாந்திலேயே இருந்திருந்தாலும் அவரை யாரும் ஒரு சதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

"மாமாக்கு இத அனுப்பிவிடவா?"

"வேணாம்."

"பெரியம்மா, பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் சொல்லச் சொல்லல்ல. வாயை மூடச் சொல்றன். உன்ட உம்மாவும் நானும் கையெழுத்து வைக்கிற நேரம் அவர் என்ன பொய்யா சொன்னார்? பேசாமத்தானே நிண்டார்."

அவர் அன்று பேசாமல் நிற்கவில்லை, பொய்தான் சொன்னார் என்பது றிம்ஷாவுக்குத் தெரியும். பெரியம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் திருத்தவில்லை.

அதற்கு மேல் செய்ய வேண்டியதை றாபியா தனியாகச் செய்தாள். பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்திருந்த மௌலவியின் வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்திருந்தாள். கூலி வாங்கப் போன இடத்தில் மௌலவியின் மனைவியிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டாள்: ஒருத்தர் ஒருத்தருக்கு ஹிபாவாக, நன்கொடையாகக் கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாமா? அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். பெற்ற பிள்ளைக்குக் கொடுத்தால் வாப்பா திருப்பி எடுக்கலாமாம். கூடப்பிறந்தவர்களுக்குக் கொடுத்து அவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டால் முடியாதாம்.

கூலியை வாங்கிக்கொண்டு நடந்து வரும்போது கால் வலிக்கவே இல்லை.

நவம்பரில் உறுதி பதிவாகி வந்தது. சனூன் அதைத் தானே கொண்டுவந்து, வெயில் விழும் இடத்தில் றாபியாவை நிறுத்தி, அவள் கையில் கொடுத்தார். "றிம்ஷா, படம் எடு. நாளைக்கு வரிக்காரன் கேட்டா அத்தாட்சி வேணும்." றிம்ஷா நாலு படம் எடுத்தாள். நாலிலும் சனூன் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை ஊரே பார்த்தது. காணிப் பக்கம் அவர் கால் வைக்கவில்லை. தேங்காய் பறிக்கும் ஆள் பழக்கத்தில் அவரிடம் கேட்க வந்தபோது, லொறியை நிறுத்தி, நாலு பேர் கேட்கும்படி சத்தம் போட்டார்: "என்னட்ட ஏன் கேக்கிறாய்? அது றாபியாட காணி! அவட்டப் போய்க் கேள்!" சமையலுக்கு ஒரு தேங்காய்கூட அங்கிருந்து எடுக்காமல் கடையில் வாங்கினார். இளநீர் ஒன்று காற்றில் விழுந்து றோட்டுக்கு உருண்டு வந்தபோது, அதைக் காலால் வேலிக்குள் தள்ளிவிட்டுப் போனாராம். ஜுனைட் சொன்ன நிபந்தனையை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

றாபியா தேங்காய் விற்றாள். மரத்துக்குப் பசளை போட்டாள். காணி வரியைத் தன் பெயரில் கட்டி, துண்டைப் பிளாஸ்திக் உறையில் போட்டு வைத்தாள். இரவில் படுக்கும்போது உறையைத் தலையணைக்கு அடியில் வைப்பதில்லை. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு நன்றாகத் தூங்கினாள்.

ஏப்ரலில் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமையில் பஸ்மினாவுக்கு இடம் வந்தது. முசலிப் பக்கத்துப் பையன், கந்தோர் உத்தியோகம். மாப்பிள்ளை வீட்டார் காணி உறுதியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். சனூன் அன்றே றாபியாவிடம் வந்தார். கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"திங்கக்கிழமை ரவுனுக்குப் போவம் புள்ள. காணியைப் பஸ்மினாட பேருக்கு நீ எழுதிவிடு. கலியாணக் கொடைக்கு விலக்கு இருக்கு, ஜுனைட் சொன்னவன்தானே. நான் எழுதினா என்ன, நீ எழுதினா என்ன."

"எந்தக் காணியை காக்கா?"

"எந்தக் காணியோ? எங்கட காணியை."

"எங்கட காணி எண்டு ஒண்டு எப்ப இருந்தது? வாப்பா மௌத்தானதில இருந்து 2011 வரைக்கும் இருந்தது. பிறகு உங்கட காணி. இப்ப என்ட காணி."

சனூன் முதலில் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். "விளையாடுற நேரமா இது? ரெண்டு பேரும் பேசித்தானே எழுதின."

"நான் என்ன பேசினனான்? காக்கா சொன்னா எனக்குச் சரி எண்டன். நீங்க மிஸ்ஸிட்ட என்ன சொன்ன? மீளப்பெற முடியாது எண்டு போடுங்கோ எண்டீங்க."

"வரிக்காக!"

"எனக்கு அந்த வரியெல்லாம் விளங்காது. நான் கேள்வி கேக்காத மனுஷி."

அன்று பின்னேரம் பஸ்மினா தனியாக வந்தாள். இருபத்திரண்டு வயது. சின்னப் பிள்ளையில் றாபியாவின் இடுப்பில் இருந்து வளர்ந்தவள். மாமி மாமி என்று மெஷினுக்குப் பக்கத்தில் குந்தி வெட்டுத்துணி பொறுக்கியவள். இன்றும் அதே இடத்தில்தான் குந்தினாள்.

"மாமி, வாப்பா செஞ்சது பிழை. எனக்குத் தெரியும். ஆனா நான் என்ன செஞ்ச?"

"நீ ஒண்டும் செய்யல்ல."

"அப்ப ஏன் என்ட கலியாணத்தில வந்து இதச் செய்றீங்க?"

றாபியா குனிந்து அவளைப் பார்த்தாள்.  இந்தப் பிள்ளையின் முகம் நசீறாவின் முகச் சாயல். அதுதான் றாபியாவைப் பலவீனமாக்கியது, அதுவேதான் கெட்டியாக்கவும் செய்தது.

"நசீறாவும் ஒண்டும் செய்யல்ல மகள். உன்ட வாப்பாக்கு மாடியோட ஒரு மேல்வீடு இருக்கு. உனக்குக் குடுக்கிறதுக்கு அவருக்கு இருக்கு. றிம்ஷாக்குக் குடுக்க எனக்கு என்ன இருக்கு? போய்க் கேள், வீட்டை எழுதித் தாங்கோ வாப்பா எண்டு."

"அதை எழுதினா வாப்பா எங்க இருப்பார்?"

"நான் முகாமில இருபது வருஷம் இருந்தனான். இடம் கிடைக்கும்."

பஸ்மினா எழுந்து போனாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "நீங்களும் வாப்பாட தங்கச்சிதான் மாமி," என்றாள்.  அந்தப் பேச்சு நாலைந்து நாள் றாபியாவின் காதுக்குள் கிடந்தது. ஆனால் அவளுடைய தீர்மானத்தை அசைக்கவில்லை.

சனூன் பள்ளிவாசல் நிர்வாகத்தில் முறைப்பாடு கொடுத்தார். மே மாதம் மூன்றாம் திகதி ஜும்ஆ முடிந்து, நிர்வாக அறையில் கூட்டம் கூட்டினார்கள். றாபியாவுக்கும் றிம்ஷாவுக்கும் வாசலோரமாகக் கதிரை போட்டிருந்தார்கள். நிர்வாகத் தலைவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு மௌலவியைப் பார்த்தார். மௌலவி இளைஞர். மெதுவாகப் பேசுகிறவர்.

"காணியைக் குடுத்தீங்களா, ஹாஜியார்?"

"குடுத்தன். ஆனா அது வரிக்கு..."

"உறுதியை யார் கையில குடுத்த?"

"இவட கையில. படமும் இருக்கு." படம் தனக்குச் சாட்சி என்றுதான் சனூன் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"குடுத்த பிறகு நீங்க அதில ஏதும் அனுபவிச்சீங்களா? தேங்கா, ஓலை, விறகு?"

"அல்லாஹ்மேல ஆணையா ஆறேழு மாசமா ஒரு தேங்கா எடுக்கல்ல மௌலவி! ஊரைக் கேளுங்கோ. றோட்டுக்கு வந்த இளநீரையும் உள்ளுக்குத் தள்ளினனான்!" அவருடைய குரலில் பெருமை இருந்தது. தன் நேர்மைக்குச் சான்று கொடுப்பதாக நினைத்தார். அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ இருமினார்.

மௌலவி முடிவைச் சொன்னார். "அப்ப ஹிபா பூரணமாகிட்டுது. பெத்த பிள்ளைக்குக் குடுத்திருந்தா வாப்பா எண்ட முறையில நீங்க திருப்பிக் கேட்கலாம். சகோதரிக்குக் குடுத்து அவங்க கைப்பற்றிட்டாங்க. கொடுத்த கொடையைத் திருப்பி எடுக்கிறவர் கக்கினதைத் தின்கிற நாயைப் போல எண்டு ஹதீஸ் இருக்கு. நான் உங்களைச் சொல்லல்ல ஹாஜியார், ஹதீஸைச் சொல்றன்."

"நாய்க்காவது கக்கினது கிடைக்கும் போல," என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். தலைவர் மேசையைத் தட்டினார்.

சனூனின் முகம் கறுத்தது. ஆனால் மனிதர் வியாபாரி. நட்டத்தில் இருந்து எதையாவது எடுக்காமல் எழும்ப மாட்டார். "சரி, இருக்கட்டும்," என்றார். "ஒண்டு கேக்கிறன் மௌலவி. இவக்குப் பிள்ளை இல்ல. புருஷன் இல்ல. இவ மௌத்தானா வாரிசு ஆரு?"

"இன்றைக்கு உள்ள நிலையில, நீங்கதான்."

"றிம்ஷாக்கு?"

"சகோதரி மகளுக்கு வாரிசில பங்கு வராது, நீங்க இருக்கும்வரை."

சனூன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். தங்கைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "வச்சிரு. எத்தினை நாளைக்கு? முந்நூறுக்கு மேல சீனி வச்சுக்கொண்டு."

றாபியா நிமிர்ந்து பார்த்தாள். பத்து வருடத்துக்கு முன் நசீறாவின் கட்டில் பக்கத்தில் நின்றபோதும் இவருடைய வாய் இப்படித்தான் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தது. அவளுக்குள் மிச்சமிருந்த கொஞ்ச இரக்கமும் அந்த இடத்தில் உதிர்ந்தது.

மே ஆறாம் திகதி திங்கட்கிழமை அவளும் றிம்ஷாவும் ஒன்பது மணி பஸ்ஸில் ரவுனுக்குப் போனார்கள். சிவராணி அவளைக் கண்டவுடன் அடையாளம் பிடித்துக்கொண்டார்.

"இந்த முறை ஆருக்கு அம்மா?"

"இவளுக்கு. தங்கச்சிட மகள்."

"மீளப்பெற முடியாது எண்டு போடவோ? வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ. நாளைக்கு இந்தப் பிள்ளை உங்களை வெளியில விட்டாலும் ஒண்டும் செய்யேலாது."

"பெரியம்மா!" என்றாள் றிம்ஷா. அவளுடைய கண் கலங்கியிருந்தது. "அந்த வசனம் வேணாம். எனக்கு நீங்க..."

"போடுங்கோ மிஸ்," என்றாள் றாபியா. "எனக்கு வாரிசு இருக்கிறார். நான் மௌத்தாகிறதுக்கு நாள் பாத்துக்கொண்டு இருக்கிறார். அவருக்கு ஒரு இடுக்கும் விடக் கூடாது."

முத்திரைச் செலவுக்குத் தேங்காய் விற்ற காசைக் கொண்டுவந்திருந்தாள். உறுதி பதிவாகி வந்ததும் றிம்ஷாவின் கையில் கொடுத்தாள். படம் எடுக்கவில்லை.

அதன் போட்டோப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு, பதின்மூன்று வருடத்தில் முதல் தரமாக, அழைப்பில்லாமல் அண்ணனின் மேல்வீட்டுக்குப் போனாள். சனூன் முன்விறாந்தையில் கதிரையில் சாய்ந்திருந்தார். அவள் பிரதியை மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் றிம்ஷாவின் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது.

"ஏன் இதச் செஞ்ச?"

"நசீறாட பங்கு. என்ட பங்கு. ரெண்டும் சேர்ந்தா பாதிக் காணி."

"அப்ப மத்தப் பாதி? அது என்டதானே! மார்க்கப்படி என்ட!"

"அது வட்டி. வட்டி ஹராம் எண்டு தெரியும் காக்கா. அதனால நன்கொடை எண்டு வச்சுக்கொள்ளுவம்."

"அல்லாஹ் உன்னைக் கேப்பான்."

"கேக்கட்டும். சொல்றதுக்கு என்னட்ட இருக்கு."

பிறகு அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். றிம்ஷாதான் எங்கே தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்திருந்தாள். ஜுனைடின் குரல் விறாந்தையில் எழுந்தது. இது இங்க இங்கிலாந்தில இருக்கிற எங்கட ஆக்களுக்கு மட்டும். ஊரில உள்ளவங்க இதக் கேட்டுக் குழம்பத் தேவையில்ல. சனூன் முழுவதையும் கேட்டார். பவுண் கணக்கு வந்த இடத்தில் அவருடைய உதடு அசைந்தது, மனதுக்குள் பெருக்கினார்.

"இது எப்ப வந்தது?"

"நீங்க கேட்ட அது வந்த அதே நாள்."

"நீ எப்ப கேட்ட?"

"நீங்க என்ட மெஷினுக்கு மேல போனை வச்சீங்களே, அண்டைக்கு. நீங்க போய் ஒரு மணித்தியாலத்தில."

"எழுத முன்னமா?"

"எழுத முன்னம்தான். மூண்டு கிழமைக்கு முன்னம்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே புள்ள."

"ஓம். சொல்லியிருக்கலாம்," என்றாள் றாபியா. "சீனியும் நூத்தி நாப்பத்தெட்டுத்தான்."

அவர் மேலும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் கேட்க நிற்கவில்லை. படியில் இறங்கும்போது கால் கொஞ்சம் வலித்தது. பொருட்படுத்தவில்லை.

சனூன் மன்னாரிலும் வவுனியாவிலும் இரண்டு சட்டத்தரணிகளைப் பார்த்தார். இருவரும் உறுதியை வாசித்துவிட்டு, வழக்குப் போடலாம், வெல்ல முடியாது என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் உறுதியைக் காட்ட ஜூன் முதலாம் கிழமை வரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார்கள்.

பஸ்மினாவின் நிக்காஹ் 2024 ஜூன் 30ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நடந்தது. றாபியாவுக்கு அழைப்பு இல்லை. சனூன் தான் இருந்த மேல்வீட்டை மகளின் பெயருக்கு எழுதி, மாப்பிள்ளை வீட்டார் கேட்டபடி ஆளில்லாமல் ஒப்படைத்தார். இப்போது மன்னார் ரவுனில், மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் இருக்கிறார்.